சர்வருக்குள்ளே ஒளிந்திருக்கும் மெட்ராஸ் டைம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் தெரியும்தானே? ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெரிசலுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த கம்பி, தகடு வியாபாரத்தை வெளியே கொண்டுவர சிஎம்டிஏ அமைத்த இடம். எங்க வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அங்கே தெரிந்த ஒரு கடையில் பில் போட, ஸ்டாக் பார்க்க ஒரு லினக்ஸ் சர்வர் ஓடுகிறது. போன மாதம் புது மெஷினுக்கு மாற்றினார்கள். இரண்டாம் நாளே கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, பழைய பில்லுல எல்லாம் 1899ன்னு வருதுப்பா. வெள்ளைக்காரன் காலத்துலயா நான் கடை வெச்சேன்?"

போய்ப் பார்த்தேன். லாரி வந்த தேதியை நிரப்பாமல் விட்டால் அந்த மென்பொருள் தானாகவே 1900 ஜனவரி 1 என்று போட்டுக்கொள்ளும். (காலியா விட வேண்டிய இடத்துல எதையாவது போட்டு வைக்கிற இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பிச்சாங்களோ!) புது சர்வரில் அதே பில் 1899 டிசம்பர் 31, இரவு 11 மணி 51 நிமிடம் 10 விநாடி என்று காட்டியது. அதாவது 8 நிமிடம் 50 விநாடி குறைவு.

ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் வந்தால் யாரும் பதற மாட்டோம். யுடிசி, ஐஎஸ்டி குழப்பம், அவ்வளவுதான். மெஷின் கடிகாரம் ஓடிப்போயிருந்தால் வித்தியாசம் நாளுக்கு நாள் மாறும். இங்கே இன்றைய பில்கள் எல்லாம் நொடி சுத்தமாக இருக்கின்றன, க்ரோனியும் ஒழுங்காக ஓடுகிறது. 1900 மட்டும் இடிக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் தட்டுவது இசட்-டம்ப் என்ற சின்ன கட்டளை. அதற்கு மைனஸ் வி கொடுத்து, ஏசியா/கொல்கத்தா என்று சொன்னால், நம்ம நேர மண்டலத்தில் இதுவரை கடிகாரம் மாறிய ஒவ்வொரு தருணத்தையும் வரிசையாகக் கக்கும்.

அதில் ஒரு வரி. 1905 டிசம்பர் 31 இரவு 11:59:59, பக்கத்தில் "எம்எம்டி" என்று மூன்றெழுத்து, யுடிசியிலிருந்து 19270 விநாடி. அடுத்த வரியில் 1906 ஜனவரி 1, 00:08:50, ஐஎஸ்டி. 19270 விநாடி என்றால் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. எம்எம்டி என்றால்? மெட்ராஸ் மீன் டைம்! நம்ம ஊர் நேரம்தான்.

கடை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய புரோகிராம் யுடிசியோடு கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரை மணியைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. புதுசு, கோப்பைக் கேட்டுச் செய்கிறது. கோப்போ 1900இல் இந்தியாவுக்கு 5:21:10 என்று சரித்திரத்தைச் சொல்கிறது. அந்தக் காலத்தை டைம்ஸ்டாம்பிலிருந்து வெறும் தேதி வகைக்கு மாற்றி, பொய்த் தேதிகளைக் காலியாக்கியதும் தீர்ந்தது. உங்கள் டேட்டாபேஸிலும் இப்படி 8:50 வித்தியாசம் வந்தால் நெட்வொர்க்கையோ பேட்டரியையோ சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

இனி அந்த மூன்றெழுத்து. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. நட்சத்திரத்தின் மேல் கம்பெனிக்குக் காதல் ஒன்றும் கிடையாது, கப்பல்தான் காரணம். அப்போது சென்னையில் துறைமுகமே இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும், மசூலா படகுகளில் சரக்கு கரைக்கு வரும். நடுக்கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க மாலுமிக்குச் சரியான நேரம் வேண்டும். பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. கடிகாரம் 4 விநாடி தப்பினால் நிலநடுக்கோட்டுப் பக்கம் கப்பல் ஒரு கடல் மைல் தள்ளிப்போய்விடும். எனவே கரையில் நம்பகமான ஒரு கடிகாரம், அதைக் கப்பலுக்குத் தெரிவிக்க கோட்டையில் ஒரு பீரங்கி. யோசித்துப் பார்த்தால் இது என்டிபி சர்வரேதான், பாக்கெட்டுக்குப் பதில் வெடிச்சத்தம் :-)

1802இல் அங்கே வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம், மெட்ராஸ் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருப்பதாகக் கணக்கிட்டார். கோப்பில் இருப்பது 10 விநாடி. அந்தக் காலக் கருவிகளை வைத்துக்கொண்டு நாலு விநாடி வித்தியாசத்தில் அடித்திருக்கிறார் என்றால் பெரிய விஷயம்.

அப்புறம் ரயில். 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. அப்போது ஊருக்கு ஊர் தனி நேரம். 1870இல் பம்பாய், கல்கத்தா பாதைகள் இணைந்ததும் எந்த ஊர் கடிகாரத்தை வைத்து அட்டவணை போடுவது என்ற கேள்வி வந்தது. பம்பாய் நேரம் 4:51, கல்கத்தா 5:53. மெட்ராஸ் 5:21. ஒன்றுக்கு அரை மணி முன்னால், இன்னொன்றுக்கு அரை மணிக்குச் சற்று அதிகமாகப் பின்னால். இரண்டு பெரிய ஊர் சண்டைக்கு நடுவில் மூன்றாவது ஊர்! போதாததற்கு இங்கே வானாய்வுக்கூடமும் தந்தியும் தயாராக இருந்தன. 1906 ஐஎஸ்டி வரும் வரை ரயில்வேக்கு மெட்ராஸ் டைம்தான்.

(அதே நுங்கம்பாக்கத்தில் 1861இல் நார்மன் பாக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தார். நம்ம நேர மண்டலப் பெயர்களின் முன்பாதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.)

மெட்ராஸ் நேரம் ஏன் கொல்கத்தா பெயரில் இருக்கிறது? இந்தக் கோப்புகளை 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொகுக்க ஆரம்பித்தார், பிறகு பால் எகர்ட் தொடர்ந்தார். ஒரே நேரம் ஓடும் பகுதிக்கு அங்குள்ள பெரிய நகரத்தின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். 1970க்குப் பிறகான நேரம் சரியாக இருக்க வேண்டும் என்பதே முக்கிய நோக்கம், அதற்கு முந்தையது முடிந்த அளவுக்கு. அதனால் பம்பாய் 1955 வாக்கில்தான் தன் தனி நேரத்தைக் கைவிட்டது என்பது அந்த வரிகளில் கிடையாது. இரண்டாம் உலகப் போர் இருக்கிறது. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியா முழுக்க கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது, அதற்கு முன் 1941-42இலும் சில மாதங்கள்.

இதற்கெல்லாம் ஒரு கோப்பா, ஐந்தரையைக் கூட்டினால் போதாதா என்பவர்கள் ஏசியா/கொழும்புவை டம்ப் செய்து பாருங்கள். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை 6:30க்குப் போனது. அக்டோபரில் 6:00. புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய ஐந்தரையே ஓடியது. ஒரே தீவில், ஒரே தமிழ்க் குடும்பத்தில்கூட, சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி. 2006 ஏப்ரல் 15இல்தான் கொழும்பு மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. போரில் எந்தப் பக்கம் யார் கையில் இருந்தது என்பதையெல்லாம் ஒரு கூட்டல் கணக்கில் அடைக்க முடியாது. (கோப்பிலும் அரசாங்க நேரம் மட்டும்தான் இருக்கிறது.)

இவ்வளவும் 2011இல் ஒரு வாரம் ஆட்டம் கண்டது. ஆஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட மென்பொருள் கம்பெனி, பழைய நேர விவரங்கள் தங்கள் அட்லஸிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஓல்சன், எகர்ட் இருவர் மீதும் வழக்குப் போட்டது. ஜோசியக்காரர்களுக்கு என்ன அக்கறை என்கிறீர்களா? 1943இல் பிறந்தவருக்கு ஜாதகம் கணிக்கும்போது ஒரு மணி நேரம் தப்பினால் லக்னமே மாறிவிடலாமே! அக்டோபர் 6இல் தொகுப்பு இணையத்திலிருந்து இறக்கப்பட்டது, ஒரு வாரத்தில் ஐகான் பொறுப்பேற்று மறுபடி ஏற்றியது. 2012 பிப்ரவரியில் கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது.

கடைசியாக, இப்போது நிறைய பேரைக் கடிக்கிற ஒரு விஷயம். கல்கத்தா 2001இல் கொல்கத்தா ஆனது, கோப்பின் பெயர் 2008இல் மாறியது. பழைய ஏசியா/கல்கத்தா ஒரு இணைப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. உபுண்டு 24.04, டெபியன் 13 இரண்டிலும் பழைய பெயர்களை டிஇசட்டேட்டா-லெகசி என்ற தனி பேக்கேஜுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் விண்டோஸில் ஓடும் ஜாவா இன்னமும் கல்கத்தா என்றுதான் சொல்லிக்கொண்டு போஸ்ட்கிரெஸ் கதவைத் தட்டும். "டைம்ஜோன் செல்லாது" என்று போஸ்ட்கிரெஸ் முகத்தில் அடித்துச் சாத்தும். அந்த லெகசி பேக்கேஜைப் போடலாம். நான் செய்வது, ஜாவாவைக் கிளப்பும்போதே யூசர் டாட் டைம்ஜோனில் ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்துவிடுவது.