அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதியும் போதைப்பொருள் விதியும்

பாதுகாப்பு அனுமதி என்பது, அரசின் இரகசியங்களை ஒருவரிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்று ஐக்கிய அமெரிக்க அரசு வழங்கும் ஒப்புதல் ஆகும். படைத்துறையினர், உளவுத்துறையினர் மட்டுமன்றி, அரசுக்காக இரகசியப் பணி செய்யும் தனியார் நிறுவனப் பொறியாளர்களுக்கும் இது தேவை.

பனிப்போர்க் காலத்தில், 1953 ஏப்ரலில், குடியரசுத் தலைவர் ஐசனாவர் 10450 ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். பணியாளரை ஐயுறுவதற்கான காரணங்களுள் மிதமிஞ்சிய குடி, போதைப்பொருள் அடிமைத்தனம், 'பாலியல் பிறழ்வு' ஆகியவை ஒரே வரியில் இடம்பெற்றன. மூன்றாவதைக் காட்டி ஒருபாலீர்ப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் பணியிழந்தனர். போதைப்பொருளைப் பொறுத்தவரை அந்த ஆணை குறிப்பிட்டது அடிமைத்தனத்தையே; எப்போதோ ஒருமுறை பயன்படுத்தியதை அன்று.

பின்னாளில் இவ்விரு காரணங்களும் எதிரெதிர்த் திசையில் சென்றன. பாலீர்ப்பை மட்டும் காரணங்காட்டி ஐயுறக் கூடாது என்று 1995இல் கிளின்டனின் 12968 ஆம் எண் ஆணை கூறியது. போதைப்பொருள் விதியோ இறுகியது. பணிநேரத்துக்கு வெளியிலும் அரசு ஊழியர் அதைத் தொடக் கூடாது என்றார் ரேகன் (1986). தற்போது சட்டவிரோதமாகப் பயன்படுத்துபவருக்கு எந்தத் துறையும் அனுமதி வழங்கக் கூடாது என 2008இல் பாண்ட் திருத்தம் சட்டமாக்கியது.

பழைய பழக்கம் நிரந்தரத் தடையன்று. எவ்வளவு காலத்துக்கு முன், எத்தனை முறை, பழைய கூட்டாளிகளை விட்டு விலகினாரா என்பவை எடைபோடப்படுகின்றன. விண்ணப்பப் படிவம் கடந்த 7 ஆண்டுகளைப் பற்றிக் கேட்கிறது. அனுமதி பெற்றிருந்தபோது பயன்படுத்தியிருந்தால் கால வரம்பே இல்லை. பலர் சறுக்குவது இந்தப் படிவத்தில்தான். கல்லூரிக் காலக் கஞ்சாவைக் காலம் மன்னிக்கலாம்; அதை மறைத்து எழுதும் பொய் அன்றைய தேதியில் செய்த புதுக் குற்றம். அதற்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

கஞ்சா தனிச் சிக்கல். 2012இல் கொலராடோ, வாசிங்டன் மாநில வாக்காளர்கள் அதைச் சட்டபூர்வமாக்கினர்; கூட்டரசுச் சட்டம் மாறவில்லை. மாநில அனுமதி இங்கே செல்லாது என 2014இல் தேசிய உளவுத்துறை இயக்குநர் கிளாப்பர் தெளிவுபடுத்தினார். 2021 திசம்பரில் அப்பதவியில் இருந்த ஏவ்ரில் எய்ன்சு, முன்பு கஞ்சா பயன்படுத்தியது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்றார். ஆனால் படிவத்தில் கையொப்பமிடும் நாள்முதல் அதை விட்டுவிடுமாறு விண்ணப்பதாரர்களுக்கு அறிவுறுத்த வேண்டும் என்றும் துறைகளைக் கேட்டுக்கொண்டார்.