பச்சிளம் சிறுநீரகமும் ஒரு சிட்டிகை உப்பும்

உயிரியல் பாடத்தில் நெஃப்ரான் படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். அந்தப் படம் வளர்ந்த மனிதனுடையது. பிறந்த குழந்தைக்கும் அதேதான், அளவு மட்டும் சிறியது என்று நினைத்தால் அது தவறு. இந்த வித்தியாசத்தை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் சோகமானது.

பிரிட்டனைச் சேர்ந்த மக்கான்ஸ் என்ற மருத்துவர் 1930களில் தன்னார்வலர்களுக்கு உப்பில்லாத உணவு கொடுத்து, வியர்க்க வைத்து, உடலில் சோடியம் குறைந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர். பிறகு பச்சிளம் குழந்தைகளின் சிறுநீர் பக்கம் திரும்பினார். யங் என்பவருடன் சேர்ந்து 1941இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தையின் சிறுநீரகம் மிகக் குறைவாகவே வேலை செய்கிறது என்று காட்டினார்.

இது ஆய்வகத்துச் செய்தி. இதன் விலை என்ன என்று 1962இல் தெரிந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகர மருத்துவமனை ஒன்றில், குழந்தைகளுக்குப் பால் கலக்கும் இடத்தில் சர்க்கரை டப்பாவில் தவறுதலாக உப்பு நிரப்பப்பட்டுவிட்டது. 14 குழந்தைகள் அந்தப் பாலைக் குடித்தன. 6 குழந்தைகள் இறந்தன. லாரன்ஸ் ஃபின்பெர்க் என்ற குழந்தை மருத்துவரும் சகாக்களும் வயிற்றறை வழியாக டயாலிசிஸ் செய்து உப்பை வெளியேற்ற முயன்றார்கள்.

பெரியவர்கள் உப்பு அதிகமாகச் சாப்பிட்டால் தண்ணீர் குடிப்போம், சிறுநீரில் மிச்சம் போய்விடும். குழந்தையால் ஏன் முடியவில்லை?

காரணம் இதுதான். உடல் பரப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், பிறந்த குழந்தையின் வடிகட்டும் வேகம் பெரியவரில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. பெரியவர் அளவை எட்ட ஏறக்குறைய 2 வயது ஆகிறது. அதோடு, வளரும் உடலுக்குச் சோடியம் தேவை என்பதால் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் அதிகமாகச் சுரந்து, உப்பை விடாமல் பிடித்து வைக்கிறது. தாய்ப்பாலில் சோடியம் குறைவு. அதற்கு இந்த ஏற்பாடு கச்சிதம். பசும்பாலில் ஏறக்குறைய மூன்று மடங்கு!

குறைமாதக் குழந்தைகளின் பிரச்சினை இதற்கு நேர்மாறு. அவர்களுடைய நுண்குழாய்கள் இன்னும் முதிரவில்லை. சோடியம் சிறுநீரில் ஒழுகிப் போய்விடும், அதனால் அவர்களுக்குக் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கும். 1970களில் ஸ்வீடனில் அனிதா அப்பேரியா போன்றவர்கள் குழந்தைகளின் சிறுநீரகம் சோடியத்தை எப்படிக் கையாள்கிறது என்று அளந்தார்கள். டென்மார்க்கின் ஸ்கோவ் 1957இல் நண்டு நரம்பில் கண்டறிந்த சோடியம் பம்ப் (1997இல் நோபல் பரிசு பெற்றவர்), பிறப்புக்குப் பிறகு சிறுநீரகத்தில் படிப்படியாக வலுப்பெறுகிறது என்பது முயல் ஆய்வுகளில் தெரிந்தது.

இதற்கிடையே உணவும் மாறியது. குழந்தைப் பால் பற்றி பிரிட்டன் அரசு 1974இல் அறிக்கை வெளியிட்ட பிறகு, சோடியம் குறைந்த பால்மாவுகள் அங்கே பரவின. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 1977இல் குழந்தை உணவில் உப்பு சேர்ப்பதை நிறுத்தின. முன்பு அந்த உப்பு யாருக்காகப் போடப்பட்டது தெரியுமா? ருசி பார்க்கும் அம்மாக்களுக்காக என்பார்கள்!

ஒரு வயது வரை குழந்தையின் சாப்பாட்டில் தனியாக உப்பு போடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது. "சப்பென்று இருக்கே, பாவம் குழந்தை" என்று வீட்டில் யாராவது சொன்னால், குழந்தையின் சிறுநீரகம் இன்னும் தயாராகவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.