அந்தக் கோலுக்கு முன் 37 குளிர்காலங்கள்

பின்லாந்துப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் 2019 ஏப்ரல் 14ஆம் தேதி இரவுக்குத்தான் போய் நிற்கிறார்கள். எஸ்போ நகரில் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், கூடுதல் நேரம், பெத்ரா நியெமினென் போட்ட கோல், நடுவர்கள் அது செல்லாது என்று அறிவித்தது. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, அநியாயம் என்கிறார்கள். அநியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஏறக்குறைய 55 லட்சம் பேரே உள்ள ஒரு நாட்டின் பெண்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு முன் நடந்த 18 உலக சாம்பியன்ஷிப்களிலும் இறுதி ஆட்டம் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில்தான். வேறொரு நாடு உள்ளே நுழைந்ததே இல்லை. கதவு திறந்தது ஓர் இரவில் என்றாலும், அதை 37 குளிர்காலங்களாகத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.

நான் எஸ்போவில் குடியிருக்கிறேன். கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகள் பள்ளித் தோழிகளோடு சேர்ந்து ஸ்கேட் கட்டிக்கொண்டு இறங்கியவள், இப்போது கிளப்பின் சிறுமியர் அணியில் ஆடுகிறாள். ஆளைவிடப் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் உடைமாற்றும் அறைக்குள் போனதும், நான் கேன்டீனில் நின்று காபி ஊற்ற வேண்டும். இங்கே கிளப் நடப்பதே பெற்றோரின் கூலியில்லா உழைப்பில்தான். காபியும் ஏலக்காய் போட்ட பன்னும் விற்ற காசு பிள்ளைகளின் பயணச் செலவுக்குப் போகும். அந்த மேசைக்குப் பின்னால் நின்றுதான் இந்த வரலாற்றின் பாதியை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பெண்ணுரிமையில் பின்லாந்து பின்தங்கிய நாடு அல்ல. ஐரோப்பாவிலேயே முதன்முதலாகப் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது 1906இல் இந்த நாடுதான். மறு வருடத் தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். ஐஸ் ஹாக்கியில் ஆண்களுக்கான தேசிய சாம்பியன் பட்டம் 1928இல் தொடங்கியது. பெண்களுக்கான தேசிய லீக் எப்போது வந்தது? 1982ஆம் வருடக் குளிர்காலத்தில். இடையில் 54 வருடங்கள். நாடாளுமன்றத்தில் இடம் கொடுத்தவர்களுக்கு ஐஸில் இடம் கொடுக்க மனம் வரவில்லை. குளிர்காலத்தில் ஊர் ஊராகப் பள்ளி மைதானங்களில் இரவு நேரத்தில் குழாயால் தண்ணீர் பீய்ச்சி, ஒரு படலம் உறைந்ததும் அதன்மேல் இன்னொரு படலம் என்று ஐஸ் கட்டுவார்கள். அதில் சறுக்க யாருக்கும் தடையில்லை. ஆனால் மட்டையும் பக் எனும் ரப்பர் வட்டும் வந்துவிட்டால் களம் பையன்களுடையதாகிவிடும். பெண்பிள்ளைகளுக்கென்று இருந்தது ஃபிகர் ஸ்கேட்டிங்.

பெண்கள் லீக்கின் முதல் இரண்டு பட்டங்களையும் ஹெல்சிங்கியின் எச்.ஜே.கே. கிளப் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு வந்தது தம்பேரே நகரத்தின் காலம். அது பஞ்சாலை ஊர். ஆற்று அருவியின் வேகத்தில் ஓடிய ஃபின்லேசன் ஆலையில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஷிப்ட் பார்த்த ஊர். நாட்டின் முதல் உள்ளரங்க ஐஸ் களமான ஹகமெட்சா 1965இல் அங்கேதான் எழுந்தது. அவ்வூர் இல்வெஸ் கிளப்பின் பெண்கள் அணி 1985 முதல் 1993 வரையிலான ஒன்பது பருவங்களில் எட்டு முறை பட்டம் வென்றது. அணியின் முகம் மரியான் இஹலைனென். பின்னாளில் தேசிய அணியின் கேப்டன் ஆனவர்.

எங்கள் கேன்டீனில் என்னோடு நிற்கும் ஓர் அக்கா எண்பதுகளில் ஆடியவர். அறுபது நெருங்குகிறது, இன்றைக்கும் பேத்தியின் ஸ்கேட் நாடாவை அவர்தான் இழுத்துக் கட்டுவார். ஒவ்வொரு வளையமாக நாடாவைச் சுண்டி இழுக்கையில் அவருடைய விரல் மூட்டுகளைப் பார்த்தாலே தெரியும், எத்தனை ஆயிரம் முறை செய்த வேலை என்று. அவர் சொல்வது: அந்நாளில் பெண்களின் உடம்பு அளவுக்குத் தோள்கவசம் கடையில் கிடையாது, அண்ணன் தம்பியுடையதை மாட்டிக்கொண்டு அது கழுத்தில் ஏறி இடிக்க ஆடுவார்களாம். ஆண்கள் அணி, இளைஞர் அணி, சிறுவர் அணி எல்லாம் முடிந்து மிஞ்சிய நேரம்தான் பெண்களுக்கு. இரவு வெகுநேரம் கழித்து வீடு போய்ச் சேர்ந்து, காலையில் வேலைக்குப் போக வேண்டும்.

இன்னொரு வாய்க்காலும் உண்டு, அதை விட்டுவிட்டால் கதை முழுமையாகாது. 1979இல் யுகானி வால்ஸ்டென் என்ற முன்னாள் ஹாக்கி வீரர் துர்கு நகரில் ரிங்கெட் என்ற கனடிய ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். பெண்பிள்ளைகளுக்காகவே வகுத்த ஆட்டம். மட்டைக்கு அடியில் வளைவு கிடையாது, நேரான கம்பு. அதன் நுனியை ரப்பர் வளையத்துக்குள் குத்தி இழுத்துக்கொண்டே ஓடி, கூட்டாளிக்குத் தள்ளிவிட வேண்டும். உடம்பால் மோதக்கூடாது, ஆகவே சறுக்கும் வேகமும் திரும்பும் லாவகமும்தான் மூலதனம். பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஹாக்கியில் மறுக்கப்பட்ட ஐஸ் நேரம் ரிங்கெட் பெயரில் பெண்களுக்குக் கிடைத்தது என்றே நான் சொல்வேன். தேசிய ஹாக்கி அணியின் ரீக்கா நியெமினெனும், பின்னாளில் வந்த சூசன்னா தபானியும் ரிங்கெட்டும் ஆடியவர்கள். பின்லாந்துப் பெண்களின் ஆட்டத்தில் ஒரு வழுக்கலான திருப்பம் இருக்கிறது, பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் ரிங்கெட்டுக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

1989இல் மேற்கு ஜெர்மனியில் முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். பின்லாந்துக்குத் தங்கம். 1991, 1993, 1995 என்று அடுத்த மூன்றும் தங்கம். 1990இல் ஆட்டவாவில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது கனடாப் பெண்களுக்கு இளஞ்சிவப்பு உடுப்பு மாட்டிவிட்டார்கள், பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்க்க அதுதான் வழி என்று நினைத்தார்கள் போலும். உடம்பால் மோதித் தள்ளுவதற்கு அனுமதி இருந்த ஆட்டங்கள் அவை. பிற்பாடுதான் பெண்கள் ஆட்டத்தில் அதைத் தடை செய்தார்கள். ஸ்வீடனை 6-3 என்று வென்று பின்லாந்து மூன்றாவது இடம் பிடித்தது. 1992இல் உலக சாம்பியன்ஷிப் தம்பேரேவுக்கே வந்தது. அதிலும் வெண்கலம்.

இந்த இடத்தில் எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. 1995 மே மாதம் பின்லாந்து ஆண்கள் அணி ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனை 4-1 என்று வென்று முதன்முறையாக உலக சாம்பியன் ஆனது. ஹெல்சிங்கியின் கடைவீதிச் சதுக்கத்தில் கூடிய கூட்டத்தை இன்றைக்கும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய எந்தப் பின்லாந்துக்காரரும் அன்றிரவு தான் எங்கே இருந்தேன் என்று சொல்வார். நியாயமான சந்தோஷம்தான். ஆனால் அதே வருடம் மார்ச் மாதம் ரீகாவில் பெண்கள் நான்காவது ஐரோப்பியத் தங்கத்தை வாங்கியிருந்தார்கள். அன்றிரவு எங்கே இருந்தேன் என்று சொல்ல ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஐரோப்பியப் பட்டமும் உலகப் பட்டமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். அதற்காக இவ்வளவு மறதியா?

1998இல் ஜப்பானின் நகானோவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பயிற்சியாளர் ரவுனோ கோர்ப்பி, கேப்டன் மரியான் இஹலைனென், கோல்கீப்பர் தூலா புபுத்தி. ஸ்வீடனுக்கு எதிராக 6-0. கனடாவிடமும் அமெரிக்காவிடமும் தோல்விதான், ஆனால் இரண்டும் 4-2. இரண்டு கோல் தூரம். அந்த ஸ்கோரைப் பார்க்கும்போதெல்லாம், அவர்களைத் தொட்டுவிடக்கூடிய தூரம்தான் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றும். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சீனாவை 4-1 என்று வென்றார்கள். 7 கோலும் 5 கோல் உதவியுமாக 12 புள்ளிகளோடு ஒலிம்பிக்கிலேயே முதலிடம் பிடித்தவர் ரீக்கா நியெமினென், யூவாஸ்குலா நகரத்துப் பெண், அப்போது வயது 24.

அடுத்த இருபது வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 2002, 2006 ஒலிம்பிக்குகளில் நான்காவது இடம். 2010இல் வான்கூவரில் கரோலீனா ரந்தமாகி கூடுதல் நேரத்தில் போட்ட கோலால் ஸ்வீடனை வென்று வெண்கலம். 2014இல் ஐந்தாவது. 2017 வரை நடந்த 18 உலக சாம்பியன்ஷிப்களில் 12 வெண்கலம். வெண்கலம் என்றாலே இங்கே சிலருக்கு ஓர் அலுப்பு. எனக்கு அந்த அலுப்பு பிடிப்பதில்லை. சம்பளமில்லாமல், பகலில் கல்லூரியோ வேலையோ பார்த்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் சேர்த்த வெண்கலம் அது.

ரீக்காவிடம் திரும்பி வர வேண்டும். 2003இல் ஆட்டத்தை விட்டார். கல்யாணம், குழந்தைகள், ஸ்வீடனில் வாழ்க்கை. ரீக்கா வலிலா ஆனார். 2010இல் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் புகழரங்கில் அவரைச் சேர்த்தார்கள். அந்தக் கௌரவம் பெற்ற முதல் ஐரோப்பியப் பெண். வழக்கமாக ஒருவருடைய கதை அத்துடன் முடியும். அவர் 2013இல் மறுபடியும் ஸ்கேட் கட்டினார். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஆடினார். 2018இல் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் ரஷ்யப் பெண்களை 3-2 என்று வென்று வெண்கலம் வாங்கிய அணியில் அவர் இருந்தார், வயது 44. முதல் பதக்கத்துக்கும் இதற்கும் நடுவே 20 வருடங்கள். இதை ஒரு தனிமனித சாதனையாக மட்டும் பார்க்க எனக்கு மனமில்லை. நகானோவில் ஆடியவர் பியோங்சாங்கில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு இந்த அணியின் வரலாற்றை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஸ்போவிலும் ஒரு சம்பவம் நடந்தது. இங்கே புளூஸ் என்ற பெயரில் ஆண்களுக்கான தொழில்முறை அணி இருந்தது. 2016இல் திவாலாகி மூடப்பட்டது. அதே பெயரில் ஆடிய பெண்கள் அணி பத்துக்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்ற அணி. பணம் கொட்டிய ஆண்கள் அணி காணாமல் போனது. பணமே பார்க்காத பெண்கள் அணி தாக்குப்பிடித்து, 2019 பருவத்தில் மீண்டும் பட்டம் வென்றது. பிறகு கியெக்கோ-எஸ்போ என்ற பழைய பெயருக்குத் திரும்பியது. எஸ்போவில் பிறந்த கோல்கீப்பர் நூரா ரேத்தி, பதினாறு வயதில் 2006 ஒலிம்பிக்குக்குப் போனவர், 2019இல் இறுதி ஆட்டம் ஆடியதும் தன் சொந்த ஊரில்தான்.

ஏப்ரல் 13ஆம் தேதி அரையிறுதியில் கனடாவை 4-2 என்று வென்றார்கள். நகானோவில் தோற்ற அதே 4-2, இம்முறை திருப்பிக் கொடுத்தது. மறுநாள் மெட்ரோ அரீனாவில் ஆறாயிரம் பேருக்கு மேல். அமெரிக்காவின் ஆனி பங்கோவ்ஸ்கி ஒரு கோல், சூசன்னா தபானி பதில் கோல். ரேத்தி அன்று தடுத்தவை 50. கூடுதல் நேரத்தின் 12ஆம் நிமிடத்தில் கேப்டன் யென்னி ஹீரிகோஸ்கி பக்கோடு கோலை நோக்கிப் பாய்ந்தார். அமெரிக்க கோல்கீப்பர் அலெக்ஸ் ரிக்ஸ்பி முன்னே வந்து விழ, இருவரும் மோதினார்கள். பக் நழுவி பெத்ரா நியெமினெனிடம் வந்தது. திறந்து கிடந்த வலைக்குள் போட்டார். கையுறைகளும் ஹெல்மெட்டுகளும் பறந்தன. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். என் மகள் நாற்காலி மேலேறி நின்றாள்.

வீடியோவைப் பார்க்கப் போன நடுவர்கள் பல நிமிடம் திரும்பவில்லை. களத்தில் சிதறிக் கிடந்த கையுறைகளை வீராங்கனைகள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கோல்கீப்பருக்கு இடையூறு, கோல் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அதே மோதலுக்கு, காலைத் தட்டிவிட்டதாக ரிக்ஸ்பிக்கும் இரண்டு நிமிடத் தண்டனை. மோதலுக்குக் காரணம் கோல்கீப்பர் என்றால் கோல் ஏன் செல்லாது? அரங்கம் முழுக்க விசில் சத்தம். இங்கே விசில் அடிப்பது எதிர்ப்பைக் காட்ட. கடைசியில் ஷூட்அவுட்டில் அமெரிக்கா 2-1 என்று வென்றது. வரலாற்றில் முதன்முறையாக பின்லாந்துக்கு வெள்ளி. ஹீரிகோஸ்கிதான் தொடரின் சிறந்த வீராங்கனை.

பின்லாந்தின் பெண்கள் தேசிய லீக்குக்கு 2024இல் அவுரோராலீகா என்று பெயர் மாற்றினார்கள். பருவத்தின் சிறந்த வீராங்கனைக்கு ரீக்கா நியெமினென் விருது, சிறந்த கோல்கீப்பருக்குத் தூலா புபுத்தி விருது, அதிகப் புள்ளி எடுப்பவருக்கு மரியான் இஹலைனென் விருது. ஆனால் பெயர் சூட்டுவதற்குக் காசு வேண்டாம், சம்பளத்துக்கு வேண்டும். ஹீரிகோஸ்கியும் பெத்ரா நியெமினெனும் ஸ்வீடனின் லூலியோ கிளப்புக்குப் போய் ஆடினார்கள். 2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியபோது தபானி அங்கே போனார். 2024, 2025 உலக சாம்பியன்ஷிப்களில் பின்லாந்து வெண்கலம் வாங்கியது, ஆனால் இரண்டு முறையும் செக் அணியிடம் திணறி, ஒருமுறை ஷூட்அவுட்டில், ஒருமுறை கூடுதல் நேரத்தில். அந்த மூன்றாவது இடத்துக்கு இப்போது போட்டி வந்துவிட்டது. 2019க்காகக் கோபப்படும் நண்பர்களிடம் நான் சொல்வது, கோல் விஷயம் முடிந்தது, இந்த வாரம் லீக் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குங்கள் என்பதுதான். சில சமயம் இரண்டு பேர், மூன்று பேர் வருகிறார்கள்.