எந்தப் பாட்டு, யாருக்கு? செட்டிநாட்டு முதியோர் செவியில் தங்கிய இசை

வீட்டுப் பெரியவர்களுக்குப் 'பழைய பாட்டு' போட்டுக் கொடுக்கும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. கைப்பேசியைத் தட்டினால் கண்ணதாசன், விசுவநாதன்–ராமமூர்த்தி, சௌந்தரராஜன், சுசீலா என்று வரிசை தானாக ஓடும். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அது பொருந்தும். தொண்ணூற்றைந்து வயது ஆச்சிக்கோ அவை பிள்ளைகள் வளர்ந்த காலத்துப் பாட்டுகள். முதுமையில் மனிதர் மிகுதியாக நினைவுகூர்வது 10 முதல் 30 வயதுவரையான காலத்தை என்று டேவிட் ரூபினும் சகாக்களும் 1986-இல் காட்டினர். பழைய வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது முதியோரிடம் இயல்பாக நிகழும் மனச்செயல் என்று மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இலேயே எழுதியிருந்தார். அப்படியானால் பிறந்த ஆண்டோடு ஒரு பதினைந்தைக் கூட்டினால் பாட்டு கிடைத்துவிடும் என்று தோன்றும். செட்டிநாட்டில் இந்தக் கணக்கு பாதிதான் சரிவரும். பாட்டு எந்த ஆண்டு வந்தது என்பதோடு, எந்த வழியாக, வீட்டின் எந்தக் கட்டு வரைக்கும் வந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

முதல் வழி கடைத்தெருவில் தொடங்குகிறது. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் சைக்கிள் உதிரிபாகங்களோடு கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்றன. அந்தக் கடையில் வளர்ந்த அவர் மகன் மெய்யப்பன் 1930-களில் சென்னைக்குப் போய், கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி இசைத்தட்டு வணிகத்தில் இறங்கினார். அன்றைய தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். மேடையில் அரைமணி நேரம் நீளும் நாடகப் பாட்டை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார்கள். ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். சாவி கொடுத்த வில் தளர்ந்தால் பாடகரின் குரல் இழுத்துக்கொண்டு இறங்கும். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டதுதான் இந்தத் தலைமுறையின் முதல் பதிவிசை. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர் எல்லோரும் இவர்களிடம் வந்தது இப்படித்தான்.

இரண்டாவது வழி செட்டிநாட்டுக்கே உரியது. அதை இரண்டாம் உலகப் போர் கொண்டுவந்து சேர்த்தது. சென்னையில் குண்டு விழும் என்ற அச்சமும் மின்தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, ஏவி.எம். என்று அறியப்பட்ட அந்த மெய்யப்பன் தம் படப்பிடிப்பைச் சொந்த ஊருக்கு மாற்றி, தேவகோட்டைச் சாலையில் ஒரு ஸ்டூடியோவை எழுப்பினார். 1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பட்டது. ஆர். சுதர்சனம் இசை, பாரதி பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். விடுதலைக்கு ஏழு மாதம் முன்பு வந்த படம் அது. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையைக் கையில் வைத்திருந்த மெய்யப்பன் பின்னர் அதை விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. அந்த ஊரில் அப்போது பதின்வயதில் இருந்தவருக்குப் பட்டம்மாள் குரலில் பாரதி என்பது சினிமாவும் அரசியலும் உள்ளூர்ப் பெருமையும் ஒன்றாகக் கலந்த ஒன்று. செட்டிநாட்டு முதியோருக்கு ஒரே ஒரு படத்தின் பாட்டுதான் போடலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

கச்சேரி வழி குறுகியது. செட்டியார்களின் ஆதரவில் காரைக்குடியில் நிலைத்த வீணைச் சகோதரர்கள் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் ஆகியோரின் வாசிப்பும், கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1941-இல் சிதம்பரத்தில் கூட்டிய தமிழிசை மாநாடும் இசை வரலாற்றில் பெரியவை. கல்யாண வீட்டுக் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமே இந்த வழி உதவும்.

இந்த வழிகள் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் இருக்கும் முகப்பிலும் பட்டாலையிலும் நின்றுவிட்டவை. பெண்கள் புழங்கிய இரண்டாங்கட்டில் ஒலித்தது தாலாட்டு. மாமன் சீர், நகரக் கோயில்கள், குலப்பெருமை என்று நீண்டுகொண்டே போகும் நகரத்தார் (செட்டியார்) தாலாட்டு, கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன ஐயா திரும்பிவரும்வரை பிள்ளையோடு தனியே இருந்த பெண்களின் பாட்டு. இளவயதில் மணமாகி வந்த ஆச்சிகளின் 'பத்து முதல் முப்பது' பெரும்பாலும் தொட்டிலருகே கழிந்தது. அவர்களுக்குத் திரைப்பாட்டு இரண்டாம் பட்சம்.

வரலாறு வளைந்து போகும் இடம் 1942. மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் கால்வாசியைக் கையில் வைத்திருந்த செட்டியார்கள், முடிந்தவர்கள் கப்பலிலும் முடியாதவர்கள் காடுமலை வழியாகவும் ஊர் திரும்பினார்கள். அதற்கு முன்பே, பிப்ரவரி 15-இல், சிங்கப்பூர் வீழ்ந்திருந்தது. மலாயாவில் தங்கிவிட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஜப்பானிய மொழி புகட்டப்பட்டது. ஆசிரியர்களுக்கே மொழி அரைகுறை என்பதால் பாட்டுதான் பாடமானது. காலையில் தோக்கியோ திசைக்கு வணங்கி ஜப்பானிய தேசிய கீதமான 'கிமிகயோ' பாடிய தலைமுறை அது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் இந்தியத் தேசிய ராணுவத்தின் அணிநடைப் பாட்டுகளும் சேர்ந்தன. ஆகவே பினாங்கிலோ ஈப்போவிலோ வளர்ந்து பிறகு காரைக்குடிப் பக்கம் குடியேறிய ஒரு முதியவர் திடீரென ஜப்பானிய மெட்டு ஒன்றை முணுமுணுத்தால் வியக்க ஒன்றுமில்லை.

ஜப்பானிலேயே முதியோர் இல்லங்களில் கூடிப்பாடுவது வழக்கம். 1914-இல் பள்ளிப் பாடமாக வந்த 'ஃபுருசாட்டோ' அங்கே தவறாமல் ஒலிக்கும். போர் முடிந்த இரண்டு மாதத்துக்குள் திரைக்கு வந்த 'ரிங்கோ நோ உத்தா'வைக் கேட்டால் அவர்களுக்கு இடிபாடுகளும் நிம்மதியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அந்தப் பட்டியலை அப்படியே மலாயாத் தமிழரிடம் கொண்டுபோக முடியாது. அவர் பள்ளியில் கற்றது படையெடுத்து வந்தவரின் பாட்டு. சயாம்–பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்த மெட்டு ஒருவருக்குப் பள்ளிக்கூடக் குறும்பை நினைவூட்டும், இன்னொருவருக்குத் திரும்பிவராத அண்ணனை. அவரே முணுமுணுத்தால் சேர்ந்து பாடலாம். நாமாக எடுத்துவைப்பது தகாது.

1950-களுக்குப் பின் கதை எளிது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கியது. கடல் தாண்டி வந்த அதன் தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சிகள் சமையற்கட்டு வரை புகுந்தன. முகப்புக்கும் இரண்டாங்கட்டுக்கும் ஒரே பாட்டு கேட்டது அப்போதுதான். காரைக்குடிக்கு அருகே சிறுகூடல்பட்டியில் 1927-இல் பிறந்த கண்ணதாசனின் வரிகள் அந்த வழியாகவே எல்லோருக்கும் பொதுவாயின. அவர் தயாரித்த 'சிவகங்கைச் சீமை' 1959-இல் வந்து வசூலில் தோற்றது. ஆனால் மருது சகோதரர்களின் மண்ணில் அதன் பாட்டுகளுக்கு உரிமைப்பட்ட காதுகள் உண்டு. 1964-ஐ ஒட்டி பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் கதை இன்னொரு கிளை. காரைக்குடியின் பர்மா காலனியில் ஒருவருக்குப் பாட்டுத் தேடுகிறவர், அவர் படித்தது எந்த மொழிப் பள்ளியில் என்று முதலில் கேட்பது நல்லது.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது காதின் வயதையும் பார்க்க வேண்டும். முதுமையில் உச்ச ஒலிகள் முதலில் மங்கும். பின்னணி வாத்தியம் அடர்ந்தால் குரல் பிரிந்து கேட்காது. குரலை முன்னிறுத்திய 1940-களின் பதிவு, கொரகொரப்போடு இருந்தாலும், புதிதாக மெருகேற்றிய கலவையைவிட அவர்களுக்கு எளிதில் பிடிபடக்கூடும். அச்சிலும் உதவி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகம் நிறுவப்பட்டது. கொட்டகையில் விற்ற பழைய பாட்டுப் புத்தகங்கள் அங்கே உள்ளன. பதினாறு பக்கச் சிறு புத்தகத்தின் படியைப் பெரிய எழுத்தில் எடுத்துக் கையில் கொடுத்தால், ஒலிப்பதிவே கிடைக்காத பாட்டையும் பெரியவர் தாமே பாடிவிடக்கூடும். தாலாட்டுக்கு அந்த வசதியும் குறைவு. ஒவ்வொரு வீட்டிலும் மாமன் பெயரும் ஊர்ப் பெயரும் மாறும் என்பதால், நம் வீட்டுத் தாலாட்டு ஆச்சியிடம்தான் இருக்கிறது. அங்கே பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியவரும் அவர்தான்.