யுத்தமும் பேரேடும்

1767 செப்டம்பரில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலைப் பக்கத்திலும் ஹைதர் அலி – நிஜாம் கூட்டுப் படையைக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை முறியடித்தது. அன்று ஹைதர் ஜெயித்திருந்தால் நம் சரித்திரமே வேறு என்பார் வேங்கிக்கால் நண்பர் ஒருவர். கம்பெனியால்தான் ஒழுங்கு வந்தது என்பார் இன்னொருவர். இருவர் பார்வையும் போர்க்களத்தோடு நின்றுவிடுகிறது. எனக்குப் பேரேடுதான் முக்கியமாகப் படுகிறது. (பாங்கு குமாஸ்தா புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம்.)

யுத்தச் செலவைக் கம்பெனி ஆற்காட்டு நவாப் முகமது அலியின் பற்றில் எழுதியது. கட்டுவதற்கு அவர் பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே தனிக்கடன் வாங்கினார். ஈடு, இனிமேல் விளையப்போகும் பயிரின் வரி. ஒரே குடியானவனின் நெல் எஜமானனுக்கும் சிப்பந்திக்குமாக இரு முறை அடகு போயிற்று. இந்தக் கடன்களை விசாரணையின்றித் தீர்க்க லண்டன் உத்தரவிட்டதை 1785இல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் கிழித்தார். பலனில்லை.

1801இல் கர்நாடகம் கம்பெனி வசமாயிற்று. திப்புவோடு நவாப் வம்சத்துக்கு ரகசியக் கடிதத் தொடர்பு என்பது சொன்ன காரணம். (2003இல் இராக்குக்கும் ஒரு காரணம் சொன்னார்கள், அந்த ஆயுதங்கள் அகப்படவே இல்லை.) பிறகு உட்கார்ந்த கமிஷன் முன் வந்த கோரிக்கைகள் சுமார் 3 கோடி பவுன். செல்லுபடியானது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒழுங்கு பற்றிப் பேசும் நண்பரிடம் கேட்க வேண்டும்: விசாரித்த கடனில் இவ்வளவு பொய்யென்றால், விசாரிக்காமலே நம் வயல்களிலிருந்து வசூலித்துக் கொடுத்த அந்தப் பழைய கடனில் எவ்வளவு?