மணிமன்றம் முதல் சொல்லிசை வரை

நம் மாணவர்கள் தமிழ்நாட்டுத் திரைப்பாடல்களையே எந்நேரமும் முணுமுணுக்கின்றனர் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் வருந்துவதுண்டு. வருத்தம் நியாயமானதே. ஆனால், அவர்கள் தாமே ஒன்றைப் படைப்பதற்கு நாம் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம்? இம்மண்ணில் அவ்வாறு இடம் கொடுத்த வரலாறு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், மலாயாத் தமிழரின் கதையும் பாட்டும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவையே. அச்சூழலில், 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 1950-இல் 'கதை வகுப்பு' ஒன்றைத் தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். வாசகர்களாக மட்டும் இருந்தவர்கள் எழுத்தாளர்களாக மாறினர்.

கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' பள்ளிப் பிள்ளைகளையே தேடிச் சென்றது. 1950களில் அதனுடன் வெளிவந்த 'மாணவர் மணிமன்றம்' மாணவர்களின் எழுத்துக்கென்றே அமைந்த பகுதி. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த ஒரு பிள்ளைக்குத் தன் பெயரை அச்சில் காண்பது எத்தகைய பேறாக இருந்திருக்கும்! இலக்கணப் பாடத்தைவிட அந்த மகிழ்ச்சியே பலரை எழுத வைத்தது என்பது என் எண்ணம். இம்முயற்சி ஏட்டோடு நின்றுவிடவில்லை. அதன் வாசகர்களான இளைஞர்கள் ஊர்தோறும் மணிமன்றங்களை அமைத்தனர். மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றப் பேரவையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சொல்லிசைக்கு எந்த நாளிதழும் வகுப்பு நடத்தவில்லை. இளைஞர்கள் தாமே கற்றுக்கொண்டனர். 'பொயட்டிக் அம்மோ' குழுவில் பாடிவந்த யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் இணைந்து 2006-இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். மறு ஆண்டே 'பொல்லாதவன்' திரைப்படத்தில் அவர் குரல் ஒலித்தது. கப்பலேறி வந்த பாட்டு, இம்முறை இங்கிருந்து அங்கே சென்றது! கொச்சைத் தமிழும் பிறமொழிச் சொற்களும் கலந்த இசை என்று நம்மில் பலர் முகஞ்சுளித்தோம். அக்கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆயினும், எதுகையும் மோனையும் இன்றிச் சொல்லிசை ஏது? நாம் கரும்பலகையில் எழுதி விளக்கப் பாடுபடுவதை அவ்விளைஞர்கள் நாவிலேயே வைத்திருந்தனர்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த 'ஜகாட்' திரைப்படத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கற்பனை வளம் மிக்க ஒரு சிறுவனைப் பள்ளியும் வீடும் புரிந்துகொள்ளாத கதை அது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதிலுள்ள ஆசிரியரைக் கண்டபோது எனக்குச் சங்கடமாகவே இருந்தது.

பள்ளிப் பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலில் திரைப்பாடல் நடனங்களுக்கு நேரம் ஒதுக்குகிறோம். அவற்றுள் ஒன்றை நீக்கி, ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாமே எழுதி, தாமே மெட்டமைத்த ஒரு பாட்டுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் என்ன? தாளம் தப்பலாம். பெற்றோர் தம் பிள்ளையின் சொற்களையல்லவா கேட்பர்!