கியர் ஆயில்

கியர் ஆயில் என்பது மோட்டார் வாகனத்தின் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரென்ஷியல் ஆகியவற்றில் நிரப்பப்படும் மசகெண்ணெய். எஞ்சின் ஆயிலைப் போல எரிபொருளின் கரியையும் அமிலத்தையும் சுமக்கும் வேலை இதற்கு இல்லை. கடும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று உருண்டும் வழுக்கியும் போகும் எஃகுப் பற்கள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும், அங்கே பிறக்கும் சூட்டை ஹவுசிங்கின் சுவருக்குக் கொண்டுபோவதும், பேரிங்குகளை நனைத்து வைப்பதும்தான் இதன் பணி. இதைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை டப்பாவின் மேலுள்ள எண்ணை மட்டும் பார்ப்பதால் நேர்பவை. உள்ளே இருப்பது எந்த வகைப் பல், கியர் மாற்ற உதவும் சிங்க்ரோ வளையம் எந்த உலோகம் என்ற இரண்டும்தான் எண்ணெயை முடிவு செய்கின்றன. ஒரே வண்டியில் பின் அச்சின் கிரவுன் வீலைக் காக்கும் எண்ணெய் கியர்பாக்ஸைக் கெடுக்கலாம்.

தோற்றமும் ஹைப்பாய்டு பல்லும்

பிரான்சின் பனார்-லெவாசோர் கார்கள் 1890-களில் பரப்பிய நகரும் கியர் அமைப்பில் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. அவற்றுக்குத் தடித்த கனிம எண்ணெய் போதும். பல இடங்களில் கிரீஸே அடைக்கப்பட்டது. பின் அச்சில் இருந்த சாய்பல் சக்கரங்களுக்கும் அதுவே. இந்த நிலையை மாற்றியவை 1920-களில் அடுத்தடுத்து வந்த இரண்டு கண்டுபிடிப்புகள். அவை இரண்டும் எண்ணெயிடம் எதிரெதிரான குணங்களைக் கேட்டன. இன்றுவரை தீராத குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது ஹைப்பாய்டு கியர். அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரிலிருந்த கிளீசன் நிறுவனம் இதை 1925-இல் அறிமுகப்படுத்தியது. 1926-இல் பேக்கார்டு கார்களில் இடம்பெற்றது. அதுவரை பின் அச்சில் சிறிய பல்சக்கரமான பினியனின் அச்சுக்கோடு, பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் நடுமையத்தை நோக்கிச் சென்றது. ஹைப்பாய்டில் பினியன் மையத்துக்குக் கீழே இறக்கப்பட்டது. அதனால் புரொபெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது. காரின் தரையும் தாழ்ந்தது. பினியனின் விட்டத்தைப் பெரிதாக்க முடிந்ததால் வலுவும் கூடியது, ஓசையும் குறைந்தது. 1930-களின் இறுதிக்குள் பெரும்பாலான அமெரிக்கக் கார்களின் பின் அச்சு இந்த வடிவத்துக்கு மாறிவிட்டது.

இந்த நன்மைகளுக்குக் கொடுத்த விலை வழுக்கல். நேர்ப்பற்கள் பெரும்பாலும் உருண்டே பொருந்துகின்றன. ஹைப்பாய்டில் ஒரு பல் மற்றொன்றின் மேல் அதன் நீளவாட்டில் தேய்த்துக்கொண்டே போகிறது. சுமையும் வழுக்கலும் சேரும்போது இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் அறுந்துபோகிறது. உலோகத்தோடு உலோகம் உரசி, நொடிப்பொழுதில் ஒட்டி, பிய்ந்து, பல்லின் முகத்தில் நீண்ட கீறல்களை விடுகிறது. எண்ணெயை எவ்வளவு தடிப்பாக்கினாலும் இதைத் தடுக்க முடியவில்லை.

தீர்வு வேதியியலில் கிடைத்தது. ஈய சோப்பும் வீரியமுள்ள கந்தகமும் எண்ணெயில் கலக்கப்பட்டன. உரசும் புள்ளியில் எழும் சூட்டில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து, பல்லின் மேல் மெல்லிய இரும்பு சல்ஃபைடு படலத்தை உண்டாக்கும். அடுத்த உரசலில் எஃகுக்குப் பதிலாக அந்தப் படலம் தேய்ந்துபோகும். உடனே புதியது உருவாகும். கியர் ஆயிலின் பெயரில் வரும் ‘ஈபி’ என்ற எழுத்துகள் குறிப்பது இந்த அதீத அழுத்தக் காப்பைத்தான். புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து மூக்கைத் துளைக்கும் நெடியும் இந்தக் கந்தகத்தினுடையதே. பின்னாளில் ஈயம் கைவிடப்பட்டு, கந்தகமும் குளோரினும் சேர்ந்த கலவைகள் வந்தன. குளோரின் ஈரத்தோடு சேர்ந்து துருவேற்றியதால் அதுவும் விலக, 1960-களிலிருந்து கந்தக-பாஸ்பரஸ் கலவையே நிலைத்தது.

இந்த வரலாற்றில் திமிங்கிலத்துக்கும் பங்குண்டு. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கந்தகத்தோடு வினைபுரியச் செய்து கிடைத்த பொருள், பல்லுக்குக் காப்பாகவும் உராய்வைச் சீராக்குவதாகவும் ஒருசேர வேலை செய்தது. அதனால் கியர் ஆயிலிலும் தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயிலும் பல பத்தாண்டுகள் அது கலக்கப்பட்டது. 1970-இல் அமெரிக்கா இந்தத் திமிங்கிலத்தை அழிவின் விளிம்பிலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்ததும் வரத்து நின்றது. ஹோஹோபா விதை எண்ணெயும் செயற்கை எஸ்டர்களும் மாற்றாக ஆராயப்பட்டன. ஓர் உயிரினத்தைக் கொன்று காரின் பின் அச்சை ஓட்டிய வழக்கம் இப்படி முடிந்தது நல்லதே.

1920-களின் இரண்டாவது கண்டுபிடிப்பு சிங்க்ரோமெஷ். ஏர்ல் தாம்ப்சன் உருவாக்கிய இந்த அமைப்பை காடிலாக் 1928-இல் வெளியிட்டது. கியர் மாற்றும்போது ஒரு பித்தளை அல்லது வெண்கல வளையம் எஃகுக் கூம்பின்மேல் அழுந்தி, உராய்வால் இரண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்துகிறது. அதன் பிறகே பற்கள் கோக்கின்றன. வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருக்கும். எண்ணெய்ப் படலத்தை அறுத்துக் கூம்பைப் பிடிப்பது அந்த வரிகள்தான். ஆக, கிரவுனில் படலம் அறுந்துவிடக் கூடாது. இங்கே அது அறுந்தாக வேண்டும். எண்ணெய் வேண்டியதற்கு மேல் வழுக்கினால் வளையம் பிடிக்காது. கியர் ‘கர்ர்’ என்று அரைத்துக்கொண்டு விழும். வீரியமுள்ள கந்தகம் சூட்டில் செம்புக் கலவையையும் தாக்குகிறது. வளையத்தின் மேல் செம்பு சல்ஃபைடு கறுப்பாகப் படிந்து, உதிர்ந்து, வரிகள் மழுங்குகின்றன.

வகைப்பாடு

கியர் ஆயிலை அளக்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. பாகுத்தன்மைக்கு எஸ்.ஏ.இ. அமைப்பின் ஜே306 தரம். பல்லைக் காக்கும் திறனுக்கு ஏ.பி.ஐ. அமைப்பின் ஜி.எல். வரிசை. ஒன்று மற்றொன்றைச் சொல்லாது. பட்டறைகளில் ‘தொண்ணூறு ஆயில்’, ‘நூற்றிநாற்பது ஆயில்’ என்று கேட்டு வாங்கும்போது பாகுத்தன்மை மட்டுமே சொல்லப்படுகிறது. அதைவிட முக்கியமான பாதி விடுபடுகிறது.

ஜே306 தரத்தில் 90 என்பது 100 டிகிரி செல்சியசில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரையுள்ள எண்ணெய். 140 என்பது 24 முதல் 32.5 வரை. முன்பு அகன்றிருந்த 90-இன் வரம்பைப் பிரித்து, இரண்டுக்கும் நடுவில் 110 என்ற தரம் 2005-இல் சேர்ந்தது. எஞ்சின் ஆயிலின் எண்கள் வேறோர் அளவுகோலைச் சேர்ந்தவை. அதில் 40-ஆம் தரம் 12.5 முதல் 16.3 வரை, 50-ஆம் தரம் 16.3 முதல் 21.9 வரை. எனவே 90 கியர் ஆயில், 40 எஞ்சின் ஆயிலைவிட இரு மடங்கு தடிப்பானது என்ற எண்ணம் பிழை. சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிப்புதான். ‘டபிள்யூ’ சேர்ந்த எண் குளிர்நிலைக்கு உரியது. எந்தக் குளிர் வரை எண்ணெய் 1,50,000 சென்டிபாய்சைத் தாண்டாமல் இருக்கிறது என்பதை அது காட்டும்: 85டபிள்யூ என்றால் மைனஸ் 12 டிகிரி, 80டபிள்யூ மைனஸ் 26, 75டபிள்யூ மைனஸ் 40. ஒரு குறிப்பிட்ட பின் அச்சில் நடந்த சோதனைகளில், அதற்கு மேல் தடித்த எண்ணெய் பினியன் பேரிங்கை எட்டாமல் அது கெட்டதே இந்த எல்லைக்குக் காரணம்.

ஜி.எல். வரிசை அமெரிக்க ராணுவத் தரங்களின் வழியில் வந்தது. 1950-இல் வெளியான மில்-எல்-2105 தரத்தின் மட்டம் பின்னர் ஜி.எல்.-4 ஆனது, 1962-இல் வந்த அதன் ‘பி’ திருத்தத்தின் மட்டம் ஜி.எல்.-5. ஈபி சேர்மானம் இல்லாத வெறும் கனிம எண்ணெய் ஜி.எல்.-1. 2, 3, 6 ஆகியவை வழக்கொழிந்தன. ஜி.எல்.-5 தகுதி பெற எண்ணெய் எல்-37, எல்-42 என்ற சோதனைகளைத் தாண்ட வேண்டும். முன்னதில் மெதுவான வேகத்தில் கடும் முறுக்குவிசையோடு 24 மணி நேரம் பின் அச்சு ஓட்டப்படும். பின்னதில் திடீர் அதிர்வுச் சுமை தரப்படும். இரண்டும் எஃகு ஹைப்பாய்டுப் பற்களைப் பற்றியவை. சிங்க்ரோ வளையம் இவற்றில் எங்குமே வராது. செம்புத் தகட்டுச் சோதனை ஒன்று உண்டு. ஆனால் அதில் தகடு அடர்நிறமாக மங்கிப்போவதைக் குறிக்கும் 3-ஆம் படி வரை ஜி.எல்.-5-க்கு அனுமதி உண்டு. ஜி.எல்.-4 எண்ணெயில் ஈபி சேர்மானம் பொதுவாக இதில் பாதி அளவுதான். ஆகவே 5 என்பது 4-ஐவிட உயர்ந்த தரம் என்று படிப்பது தவறு. அது வேறோர் இடத்துக்கான எண்ணெய்.

தேர்வு

பின்சக்கர இயக்கமுள்ள வண்டியில் கிரவுனுக்கு ஜி.எல்.-5, சிங்க்ரோ கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.-4 என்பதே அடிப்படை. முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார்களில் எஞ்சின் குறுக்காக அமர்வதால், டிஃபரென்ஷியலும் கியர்பாக்ஸுக்குள் சாதாரண ஹெலிகல் பற்களோடு இருக்கும். அங்கே ஹைப்பாய்டே இல்லை. 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-90 பாகுத்தன்மையில் ஜி.எல்.-4 ஊற்றினால் போதும். எஞ்சின் நெடுக்காக அமர்ந்து, ஹைப்பாய்டு முன் டிஃபரென்ஷியலும் சிங்க்ரோவும் ஒரே எண்ணெயில் மூழ்கும் சுபாரு போன்ற கார்கள் விதிவிலக்கு. அவற்றின் கியர்பாக்ஸே ஜி.எல்.-5-ஐ எண்ணிச் செய்யப்பட்டது. கையேடு சொல்வதைத்தான் ஊற்ற வேண்டும். டி-56 போன்ற சில கைமுறை கியர்பாக்ஸுகள் கேட்பது தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெய். சிங்க்ரோ இல்லாத ஈட்டன் ஃபுல்லர் கனரகப் பெட்டிகள் 50-ஆம் தரச் செயற்கை எண்ணெயில் ஓடுகின்றன. ஈபி சேர்மானம் அவற்றுக்கு ஆகாது. தட்டுகளால் இயங்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலில் உராய்வுச் சீராக்கி கலந்த எண்ணெய் இல்லையென்றால், வளைவில் திரும்பும்போது அச்சு முழுதும் நடுங்கும்.

முனகும் கியர்பாக்ஸுக்கு 140 ஊற்றும் பழக்கம் தவிர்க்க வேண்டியது. தடித்த எண்ணெய் ஓசையை அமுக்கும். தேய்ந்த பேரிங்கைச் சரிசெய்யாது. ஊட்டியின் மார்கழிக் காலையில் இரண்டாம் கியர் விழ மறுப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

‘வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை’ என்று விற்கப்படும் பெட்டிகளிலும் எண்ணெய் பழையதாகத்தான் செய்கிறது. சேர்மானம் தீர்கிறது, பாகுத்தன்மை சிதைகிறது, துகள் சேர்கிறது. உரிய இடைவெளியில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது முதலில் கழற்ற வேண்டியது மேலிருக்கும் லெவல் போல்ட். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், கீழே எண்ணெயை வடித்த பிறகு நிரப்ப வழியிருக்காது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சூடாக இருக்கும்போதே வடிப்பது நல்லது. டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் மைபோல ஒட்டியிருக்கும் சாம்பல்நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லுகள் உடைந்த பல்லுடையவை. வடித்த எண்ணெயை வெயிலில் பார்த்தால் பொன்னிறத் துகள் மினுங்குமானால் தேய்வது சிங்க்ரோ வளையம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பதால் எண்ணெயைப் பார்த்தே இதை அறிய வேண்டும். புதிய எண்ணெயை லெவல் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும் வரை ஊற்றினால் போதும். மேலே அடைபட்ட காற்றுப்போக்கியான பிரீதரைச் சுத்தம் செய்யாவிட்டால், சூடேறிய காற்று ஆயில் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும்.

இன்றைய நிலை

எரிபொருள் சிக்கனத்துக்காக எண்ணெய்கள் மெலிந்துவருகின்றன. 2019-இல் ஜே306 திருத்தத்தில் 65, 70, 75 என்ற புதிய தரங்கள் சேர்ந்தன. மின்வாகனங்களில் மோட்டாரின் செம்புச் சுருளைத் தொட்டு ஓடும் கியர் எண்ணெய்களுக்குத் தனித் தரங்கள் உருவாகிவருகின்றன.